சிடி, டிவிடி ஓடவில்லையா? மலையில் இருப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

குன்னூரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாண சிடி, காதுகுத்து டிவிடி, பழைய படுகப் பாட்டு சிடி என்று மாதம் நாலைந்து டிஸ்க்காவது கைக்கு வந்துவிடும். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கீறல் விழுந்துடுச்சுங்க." வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கீறலால் வந்த கோளாறே இல்லை. ஈரம், பூஞ்சணம், மேலே ஒட்டிய ஸ்டிக்கர், பிளேயரின் லென்ஸ் என்று வேறு ஏதாவது ஒன்றாக இருக்கும். கீறல்தான் என்று முடிவுகட்டி வீட்டிலேயே பேஸ்ட் போட்டுத் தேய்த்துவிட்டு அப்புறம் வருகிறவர்களின் டிஸ்க்கைக் காப்பாற்றத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

அதனால் தேய்ப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கீழே உங்கள் டிஸ்க்குக்குப் பொருந்தும் தலைப்பைப் பாருங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்டத்திலாவது டிஸ்க் ஓடிவிட்டால், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பிக்காதீர்கள். அதே நிமிடம் கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். நாளைக்கு அது ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

முதலில் விளக்கில் பாருங்கள்

டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து, எழுத்துள்ள பக்கம் உங்களைப் பார்க்க, பல்புக்கு நேராக உயர்த்துங்கள். ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே இருக்கும் பூச்சே போய்விட்டது. நேராக "மேல்பக்கம் உரிந்திருக்கிறது" என்ற தலைப்புக்குப் போங்கள். புள்ளி எதுவும் இல்லையென்றால் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளிபோல் மின்னினால் கம்பெனியில் அச்சடித்தது. பச்சை, நீலம் அல்லது தங்கச் சாயல் இருந்தால் ரைட் செய்த சிடி. ஊதாவாக இருந்தால் ரைட் செய்த டிவிடி. கல்யாண வீடியோ எல்லாம் பெரும்பாலும் இந்தப் பின்னிரண்டில் ஒன்றுதான். இவற்றில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயில் பட்டால் அந்தச் சாயம் கெட்டுப்போகும். எனவே எதற்காகவும் டிஸ்க்கை வெயிலில் காயவைக்காதீர்கள்.

எந்த டிஸ்க்கைப் போட்டாலும் "நோ டிஸ்க்"

நன்றாக ஓடும் என்று தெரிந்த மூன்று டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றும் ஓடவில்லை என்றால் கோளாறு பிளேயரில். சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை, அல்லது மாற்றி என்றாலும் சந்தேகப்பட வேண்டியது பிளேயரைத்தான். இரண்டையும் படிக்க வெவ்வேறு லேசர் ஒளி. அதில் ஒன்று மட்டும் தளர்ந்து போவது உண்டு.

லென்ஸில் தூசி இருக்கலாம். விறகடுப்பு உள்ள வீடுகளில் புகைப்படலம் படிந்திருக்கும். பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்க்கை ஒருமுறை ஓட்டுங்கள். அதில் சரியாகவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு வைத்து லென்ஸை மெல்லத் தொட்டு எடுங்கள். அழுத்தினால் லென்ஸ் தாங்கி நிற்கும் கம்பி வளைந்துவிடும். மின்சாரம் இருக்கும்போது லென்ஸுக்குள் கண்ணை வைக்கவே கூடாது.

இதற்கும் மசியவில்லை என்றால் லேசர் தளர்ந்திருக்கிறது. பழைய பிளேயருக்கு அதை மாற்றுவதைவிட, யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது. எப்படியும் நகல் எடுக்க அது வேண்டும்.

காலையில் ஓடாது, மதியம் ஓடும்

கீழே சமவெளியில் இருப்பவர்கள் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இங்கே டிசம்பர், ஜனவரியில் வாரத்துக்கு ஒருவராவது சொல்கிறார்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த பிளேயர் இருக்கும் அறையில் காலையில் ரூம் ஹீட்டர் போடுகிறோம், அல்லது பக்கத்து அடுப்படியிலிருந்து வெந்நீர் ஆவி வருகிறது. கண்ணாடி ஜன்னலில் பூக்கிற அதே ஈரம் லென்ஸிலும் பூக்கிறது.

செய்ய வேண்டியது சுலபம். டிஸ்க் போடாமல் பிளேயரை மட்டும் ஒரு மணி நேரம் ஆன் செய்து வையுங்கள். அதன் சூட்டிலேயே உலர்ந்துவிடும். ஊட்டியிலிருந்து டிஸ்க்கைப் பையில் வைத்து மேட்டுப்பாளையமோ கோவையோ கொண்டுபோனாலும் இதே கதைதான். குளிர்ந்த டிஸ்க்கில் கீழேயுள்ள சூடான காற்று பட்டதும் பனித்துவிடும். உறையோடு ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு எடுங்கள். துடைக்க வேண்டிய அவசியமே வராது.

கீறலே இல்லை, ஆனால் மங்கலாக இருக்கிறது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை போனபிறகு கடைக்கு வருவதில் முக்கால்வாசி இதுதான். உற்றுப் பார்த்தால் இரண்டு விதம் தெரியும்.

ஓரத்திலிருந்து வேர்போல், பாசிபோல் கிளைவிட்டுப் பரவியிருந்தால் பூஞ்சணம். பிளாஸ்டிக் உறையின் மடிப்பு அப்படியே அச்சுப்போல் பதிந்திருந்தால் உறை ஒட்டியதால் வந்த தழும்பு. கல்யாண ஆல்பத்தின் கடைசி அட்டையில் டிஸ்க்கைச் செருகி, ஆல்பத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். பத்து மழைக்காலம் அதே இடத்தில். உறை ஒட்டியிருந்தால் வெடுக்கென்று பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான அறையில் அரை நாள் விட்டு, உறையைக் கத்தரித்து, மெல்லப் பிரியுங்கள்.

இரண்டுக்கும் மருந்து கழுவுவதுதான். குழாய்த் தண்ணீர் இங்கே விறைக்கும், கை வைக்கிற பதத்துக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு சொட்டு. விரல் நுனியால், நடுத் துளையிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோடாகத் தடவுங்கள். வட்டமாக வேண்டாம். டிஸ்க்கில் பதிவு வட்டமாகச் சுற்றிச் செல்கிறது. நேர்கோட்டில் விழும் சிராய்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் துளியளவை மட்டும் கெடுக்கும், அதைப் பிளேயரே சமாளித்துக்கொள்ளும். வட்டமாக விழுந்தால் ஒரே பாதையில் தொடர்ந்து கெடுக்கும், அங்கே படம் நின்றுவிடும். ஊறவைக்காமல் உடனே அலசி, பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் உலரவிடுங்கள்.

நீலகிரித் தைலம் மட்டும் வேண்டாம். இங்கே எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது, ஸ்டிக்கர் பசையை நன்றாகவும் எடுக்கும், அதனால் டிஸ்க்கிலும் தடவிவிடுகிறார்கள். எண்ணெய்ப் படலம் தங்கிவிடும், பிளாஸ்டிக்குக்கும் நல்லதில்லை. தின்னர், நகப்பூச்சு நீக்கி இரண்டும் அதைவிட மோசம். தொட்ட இடம் வெளுத்துப் பூத்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பூஞ்சணம் கழுவியும் அப்படியே இருந்தால் அது பிளாஸ்டிக்குக்கு மேலே இல்லை, உள்ளே போய்விட்டது. வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது. வேறு வேறு டிரைவில் போட்டு, வந்த வரைக்கும் நகல் எடுக்கப் பாருங்கள்.

இந்த ஒரு டிஸ்க்கை மட்டும் பிளேயர் கண்டுகொள்வதே இல்லை

டிஸ்க்கைப் படிப்பது உள்ளிருந்து வெளியே. நடுத் துளையைச் சுற்றி வெறும் கண்ணாடி வளையம் முடிந்து பளபளப்பு தொடங்கும் இடத்தில்தான் "இது என்ன டிஸ்க், எதில் என்ன இருக்கிறது" என்ற விவரம் பதிவாகியிருக்கிறது. அந்த ஒரு விரல் அகலத்தில் அழுக்கோ கீறலோ இருந்தால் மீதியெல்லாம் புதுசாக இருந்தாலும் பயனில்லை. அங்கே கழுவிப் பாருங்கள். கழுவியும் இல்லையென்றால் கீழே சொல்கிற தேய்ப்பு முறையை அந்த இடத்தில் மட்டும் செய்யலாம்.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. உள்ளங்கை அளவு சின்ன டிஸ்க்கா, ஹேண்டிகேமில் எடுத்ததா? அப்படியென்றால் ஃபைனலைஸ், அதாவது மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து மூடுவது, செய்யாமல் விட்டிருக்கலாம். எடுத்த அதே கேமராவில் போட்டு ஃபைனலைஸ் கொடுத்தால் பெரும்பாலான பிளேயர்களில் ஓடும். கேமரா இல்லை என்றால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளில் எடுக்கலாம். இந்தச் சின்ன டிஸ்க்கைத் தட்டு வெளியே வரும் டிரைவில் மட்டும் போடுங்கள். வாய் மட்டும் உள்ள டிரைவில் தள்ளினால் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஒரே இடத்தில் நிற்கிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது

கீறல் என்று சொல்ல உரிமை உள்ள அறிகுறி இதுதான். ஆனாலும் முதலில் கழுவுங்கள். விரல் ரேகை, பிசுக்கு, ஒரு சொட்டு காய்ந்த காபி, எல்லாம் இதே மாதிரிதான் காட்டும். சினிமா டிவிடியில் ஏறக்குறைய நடுவில் ஒரு நொடி நின்று தானாகவே தொடர்ந்தால் அது கோளாறே இல்லை, ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு மாறுகிறது.

கழுவியும் அதே இடத்தில் நின்றால் நகத்தால் கீறலின் குறுக்கே மெல்லத் தடவிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் வீட்டிலேயே தேய்க்கலாம். நகம் தட்டி நின்றால் ஆழம் அதிகம், கடைக்குப் போங்கள். வட்ட வளையமாக ஒரே கோடு தெரிந்தால், ஓடிக்கொண்டிருந்த பெட்டியை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். வீடியோ கேம் டிஸ்க்குகளில் இது அதிகம், பெரும்பாலும் நகம் தட்டும்.

புளூ-ரே டிஸ்க்காக இருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். சிடியில் பதிவுக்கு முன்னால் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது, டிவிடியில் 0.6. புளூ-ரேயில் 0.1 மட்டும்தான். தேய்க்க அங்கே இடமே இல்லை. பிளேஸ்டேஷன் 3-லிருந்து வந்த அதன் கேம் டிஸ்க்குகளும் இந்த வகைதான்.

சரி, தேய்ப்போம். தடித்த துண்டை நாலாக மடித்து மேஜையில் போட்டு, அதில் மணல் துகள் எதுவும் இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். சிடியில் உண்மையான மென்மையான பக்கம் எழுத்துப் பக்கம்தான், அடியில் ஒரு மணல் இருந்தால் அழுத்தும்போது பூச்சைக் குத்திவிடும். வெள்ளைப் பேஸ்ட், துவரம்பருப்பு அளவு. ஜெல் ஆகாது, அதில் தேய்க்கும் துகள் போதாது. ஈரத் துணியை விரலில் சுற்றி, கீறல் மீது உள்ளிருந்து வெளியே நேர்கோடாக, இரண்டு மூன்று நிமிடம். விரல் வலிக்கிற அளவு அழுத்த வேண்டாம். அலசி, ஒற்றி, பல்புக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். தடித்த ஒரு கோடு இருந்த இடத்தில் இப்போது மயிரிழைபோல் மெல்லிய கோடுகள் தெரியும், பழைய கோட்டின் விளிம்பு மழுங்கியிருக்கும். அவ்வளவுதான் வேண்டும். கண்ணாடிபோல் ஆக வேண்டியதில்லை. லேசர் அந்த இடத்தைக் கடந்தால் போதும்.

ஓட்டிப் பாருங்கள். முன்பு நின்ற இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நின்றால் சரியான வழியில் போகிறீர்கள், இன்னொரு முறை செய்யலாம். இரண்டு முறைக்குப் பிறகும் மாற்றமே இல்லை என்றால் பித்தளை பாலிஷுக்கு மாறுங்கள். பிராசோ எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், நெடி அதிகம். அதே நேர்கோடு, அதே துணி முறை. முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவி பாலிஷை முழுதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது லென்ஸுக்குப் போகும்.

வீட்டில் செய்யக்கூடியது இதோடு முடிந்தது. உப்புத்தாள், சாம்பல், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் வேண்டாம்.

கடையில் இருப்பது தண்ணீர் விட்டு மேல் தோலை ஒரு மெல்லிய அடுக்கு சீவி, பிறகு பாலிஷ் போடும் மெஷின். நகம் தட்டுகிற கீறலுக்கும் வட்டக் கீறலுக்கும் அதுதான் சரி. மலையில் அப்படி மெஷின் வைத்திருப்பவர்கள் குறைவு, கோவைக்குப் போக வேண்டியிருக்கும். போவதற்கு முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். சீவும் மெஷினா, வெறும் பாலிஷ் மட்டும் போடும் மெஷினா? சீவுவதற்கு முன் டிஸ்க்கை விளக்கில் பிடித்துப் பார்ப்பீர்களா? இரண்டாவது கேள்விக்குத் தயங்கினால் அந்தக் கடை வேண்டாம். பூச்சு போன சிடியை ஒரு கடையில் இரண்டு தடவை சீவி, இரண்டு தடவையும் காசு வாங்கிக்கொண்டு கொடுத்ததை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது, உள்ளே படிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு சீவலிலும் பிளாஸ்டிக் குறைகிறது என்பதால், ஒரே டிஸ்க்கைத் திரும்பத் திரும்பக் கொடுக்கவும் முடியாது.

முதல் பாதி நன்றாக ஓடுகிறது, கடைசியில் தகராறு

ஓர் அடுக்கு மட்டும் உள்ள டிஸ்க்கில் வெளி ஓரம்தான் கடைசியாகப் படிக்கப்படுவது. நாம் பிடிப்பதும் அங்கேதான். கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இல்லையென்றால் டிஸ்க்கைக் கண்ணாடி மேஜையில் வைத்து, ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் வளைந்திருக்கிறது. காரணம் அடுத்த தலைப்பில்.

கடகடவென்று சத்தம், பிளேயர் அதிர்கிறது

உடனே நிறுத்துங்கள். நடுத் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் கம்ப்யூட்டர் டிரைவில் போடவே கூடாது. அது சுற்றும் வேகத்தில் டிஸ்க் சிதறி டிரைவையும் கெடுத்துவிடும். விரிசல் துளைப் பக்கம் மட்டும், பளபளப்பு வரை வராமல் இருந்தால், வேகத்தைக் குறைத்துப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

விரிசல் இல்லையா? அப்படியானால் ஸ்டிக்கர். மணமக்கள் படம் அச்சடித்த வட்டத் தாளை டிவிடியின் மேல் ஒட்டுவது ஒரு காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் வழக்கம். நம் ஊர் ஈரத்தில் தாள் உப்பி, பிறகு கோடையில் சுருங்கி, டிஸ்க்கையும் சேர்த்து இழுத்து வளைத்துவிடுகிறது. ஸ்டிக்கர் ஒரு பக்கம் கிளம்பியிருந்தாலும் எடை மாறி அதிரும்.

இங்கே கவனமாக இருங்கள். சிடியில் ஸ்டிக்கரை உரிக்கவே கூடாது. பதிவுப் பூச்சு அந்தப் பக்கத்து மெல்லிய வார்னிஷுக்கு அடியில்தான் இருக்கிறது. தாளோடு சேர்ந்து கல்யாணமே உரிந்து வரும். கிளம்பிய ஓரத்தைக் கொஞ்சம் பசை வைத்துப் படியவைப்பதோடு நிறுத்துங்கள். டிவிடி அப்படியில்லை. இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவில் பதிவு இருப்பதால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஸ்டிக்கர் மேல் பத்து நிமிடம் போட்டு, தாளை விரலால் உருட்டி உருட்டி எடுக்கலாம். சிடியா டிவிடியா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

வளைந்த டிஸ்க்கை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் துணி வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விடுங்கள். சூடு காட்டி நேராக்கப் பார்க்க வேண்டாம்.

மேல்பக்கம் உரிந்திருக்கிறது, வெளிச்சப் புள்ளிகள் தெரிகின்றன

இதற்கு வீட்டிலும் வழியில்லை, கடையிலும் இல்லை. போன பூச்சு போனதுதான், யாராவது சரிசெய்து தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். ஆனால் மீதி இடம் நன்றாக இருக்கலாம். மேலும் உரியாமல் இருக்க அந்த இடத்தைத் தொடாமல், துடைக்காமல், உடனே நகல் எடுக்க முயலுங்கள்.

டிவியில் ஓடுகிறது, கம்ப்யூட்டரில் காப்பி ஆகவில்லை

ஃபைலை இழுத்துப் போட்டுக் காப்பி செய்யும்போது ஒரு பிழை வந்தாலே கம்ப்யூட்டர் முழுசையும் விட்டுவிடும். அப்படி எடுக்காதீர்கள். டிவிடிக்கு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள் நல்லது, இலவசம். கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் நல்லதை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து விட்டதை முயலும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு கணக்கும் எழுதிவைத்துக்கொள்ளும். விசிடிக்கு (வீடியோ சிடி) அது ஒத்துவராது, பதிவு முறை வேறு. அதற்கு ஐசோபஸ்டர்தான். வந்த .dat ஃபைலை விஎல்சி (VLC) பிளேயரில் அப்படியே பார்க்கலாம். டிரைவின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஒரு டிரைவ் மறுத்தால் இன்னொன்றில் போடுங்கள். பழைய டெஸ்க்டாப் டிரைவ் படித்ததைப் புது லேப்டாப் டிரைவ் படிக்காமல் விட்டதை நிறையத் தடவை பார்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று, யாரும் கேட்க மறந்துவிடுவது. கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று.

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கல்யாண டிவிடி கொண்டுவந்தார். அப்பா இறந்து ஐந்து வருடம், அவர் நடமாடிப் பேசுவது அந்த டிவிடியில் மட்டும்தான் இருக்கிறது என்றார். கழுவினேன், பேஸ்ட், பாலிஷ் வரைக்கும் போனேன். மூன்று டிரைவில் போட்டும் தாரை வார்க்கும் இடத்தில் நாலு நிமிடம் வரவே இல்லை. அதில்தான் அப்பா நிற்கிறார். "அண்ணா, வேற வழியே இல்லையா?" என்றார். மாப்பிள்ளை வீட்டு டிவிடி எங்கே என்று கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அருவங்காட்டில் மாமியார் வீட்டுப் பீரோவில் இருந்தது, அதுவும் பூஞ்சணம் பிடித்து, ஆனால் வேறு இடத்தில். ஒரே ஸ்டுடியோ ஒரே பதிவிலிருந்து போட்ட இரண்டு டிவிடி என்பதால், முதல் டிஸ்க்கில் டிடிரெஸ்க்யூ எழுதிவைத்த கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். விடுபட்ட இடங்களை மட்டும் அதிலிருந்து எடுத்து நிரப்பியது. மூன்று மணி நேரம் ஆனது. அந்த நாலு நிமிடத்தை ஓட்டிக் காட்டியபோது அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அப்பா சொம்பைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது, அதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன், இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்றாக.